வராத பி வேல்யூவை வரவழைத்தவன்

நான் எந்த எண்ணையும் திருத்தியதில்லை. தப்பித்துக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. என் தப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் அதன் அளவும் தெரியும்.

பல்லாவரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் பல வருஷம் ‘தீசிஸ் ஒர்க்’ செய்தேன். எம்.டி., எம்.எஸ். படிக்கும் டாக்டர்கள் தங்கள் நோயாளிகளின் விவரங்களை மாஸ்டர் சார்ட்டாகக் கொண்டுவருவார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. வயது, பால், ரத்தப் பரிசோதனை, பலன் என்று வரிசையாகக் கட்டங்கள். நான் அதைக் கணினியில் ஏற்றி அட்டவணை, படம், பி வேல்யூ எல்லாம் போட்டுக் கொடுப்பேன். அவர்கள் கொண்டுவந்த எண்ணை அழித்து வேறு எண்ணை எழுதியதில்லை. ஆனால் கணினி துப்பிய விடைகளில் எதை அச்சுக்கு அனுப்புவது, எதைக் குப்பையில் போடுவது என்று தீர்மானித்தவன் நான். அந்தத் தீர்மானத்தை மருத்துவம் எடுக்கவில்லை, அறிவியலும் எடுக்கவில்லை. 0.05 என்ற ஓர் எண் எடுத்தது.

பி வேல்யூ என்றால் என்ன என்று வெளியாளுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு மருந்துக்குப் பலனே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மருந்து சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள் என்று இரண்டு குழுவை ஒப்பிடும்போது, தற்செயலாலேயே கொஞ்சம் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். நம் கையில் வந்திருக்கும் அளவு வித்தியாசமோ அதைவிடப் பெரியதோ அப்படித் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டால் கிடைப்பது பி. அது 0.05க்குக் கீழே, அதாவது இருபதில் ஒன்றுக்குக் கீழே போனால் முடிவு ‘சிக்னிஃபிகன்ட்’ என்பார்கள். ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட புத்தகத்தில் இருபதில் ஒன்றை ஒரு வசதியான எல்லை என்ற அளவில்தான் சொன்னார். அந்த வசதி பிறகு சட்டமாகிவிட்டது. என்னிடம் வந்த டாக்டர்கள் யாரும் “என்ன தெரிஞ்சுது சார்?” என்று கேட்டதில்லை. “பி வேல்யூ வந்துச்சா சார்?” என்றுதான் கேட்பார்கள். வரவில்லை என்றால் முகம் விழுந்துவிடும்.

வரவழைப்பது சிரமமான வேலை இல்லை. எங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் துருப்பிடித்த பழைய சாவிகளைக் கும்பலாகப் போட்டு விற்பார்கள். ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஏதாவது ஒன்று திறக்கும். திறந்த பிறகு மற்ற சாவிகளையெல்லாம் மறைத்துவிட்டு, இந்தப் பூட்டுக்கென்றே செய்த சாவி இது என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்தேன். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத விஷயத்தில்கூட, ஒன்றையொன்று சாராத 14 சோதனைகளைப் போட்டால், குறைந்தது ஒன்றாவது 0.05க்குக் கீழே விழ வாய்ப்பு பாதிக்கு மேல். 20 போட்டால் 64 சதவீதம். கணினியில் 20 சோதனை போட ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது.

எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்து வரவில்லையா, ஆண் பெண் என்று பிரி. அதிலும் வரவில்லையா, வயதைப் பிரி. ஐம்பதில் வெட்டினால் வரவில்லை என்றால் நாற்பத்தைந்தில் வெட்டு, ஐம்பத்தைந்தில் வெட்டு. கூட்டத்திலிருந்து ரொம்ப விலகி நிற்கும் இரண்டு பேரை ‘அவுட்லையர்’ என்று வெளியே தள்ளு. டி டெஸ்ட்டில் கிடைக்காதது வேறு டெஸ்ட்டில் கிடைக்கிறதா பார். 0.054 வந்தால் இரண்டே தசமத்துக்குச் சுருக்கி 0.05 என்று போடு. எதுவுமே நடக்கவில்லையா, ‘மார்ஜினலி சிக்னிஃபிகன்ட்’ என்று எழுது. இவற்றில் தனித்தனியாகப் பார்த்தால் சிலவற்றுக்கு நியாயமான காரணம் காட்டலாம். காரணத்தை முதலில் யோசித்து, பிறகு டேட்டாவைத் திறந்திருந்தால் அது நியாயம். நான் விடையைப் பார்த்துவிட்டுத்தான் காரணத்தைத் தேடினேன்.

சாம்பிள் சைஸும் அப்படித்தான். எத்தனை நோயாளிகள் தேவை என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே கணக்கிட்டு எதிக்ஸ் கமிட்டிக்குக் காட்ட வேண்டும். என்னிடம் வருபவர்களோ “அறுபது பேர்தான் சார் கிடைப்பாங்க, அதுக்குத் தகுந்த மாதிரி போட்டுடுங்க” என்பார்கள். நம் ஊர் ஆய்வேடுகளில் பரவலாகப் பயன்படுவது 4பிகியூ-வை டி ஸ்கொயரால் வகுக்கும் சூத்திரம். பி என்பது நோய் எத்தனை சதவீதம் பேருக்கு இருக்கிறது என்பது. கியூ மீதிச் சதவீதம். டி என்பது அனுமதிக்கும் பிழை. பி 50, டி 10 என்றால் 100 பேர் வேண்டும். 60 பேர் போதும் என்று காட்ட பி 18 என்று எடுத்தால் ஆயிற்று, 59.04 வரும், மேலே முழுமைப்படுத்தினால் 60. ஆகவே 18 சதவீதம் என்று சொல்லும் ஏதாவது ஒரு பழைய கட்டுரையைத் தேடிப் பிடிப்பேன். தேடினால் கிடைக்காத சதவீதம் இல்லை. கமிட்டியின் முன்னால் போகும் தாளில், கட்டுரையைப் படித்துக் கணக்குப் போட்டு அறுபது வந்ததுபோல இருக்கும்.

இப்போது என்னை உறுத்துவதற்கு வருகிறேன். என்ன நோய், என்ன பரிசோதனை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பெண் டாக்டர் வந்தார். ஒரு நாள்பட்ட நோய்க்கும் ரத்தத்தில் இருக்கும் ஒரு சத்தின் அளவுக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்திருந்தார். மாஸ்டர் சார்ட்டை அவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டுவந்து பார்த்ததில்லை. விடுபட்ட கட்டம் ஒன்றுகூட இல்லை. ஓட்டிப் பார்த்தேன்.

“வித்தியாசம் ஒண்ணும் தெரியலை டாக்டர்.”

“அப்படின்னா இல்லைன்னே எழுதிடலாமா சார்?”

இந்த ஒரு கேள்விக்கு நான் ‘சரி’ என்று சொல்லியிருந்தால் போதும். “எழுதலாம். ஆனா எக்ஸாமினர் நோண்டிக் கேப்பார். ஜர்னல்லயும் எடுக்க மாட்டாங்க. இருங்க, கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்” என்றேன். அவர் தயங்கினார். என் நரைத்த தலையைப் பார்த்து, எனக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார்.

ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வந்தது: 0.03. அந்தக் கட்டத்தில் இருந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு. ஆய்வேட்டின் முன்னுரையை மாற்றச் சொன்னேன். அந்த வயதுப் பெண்களைப் பற்றித்தான் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது என்பதுபோல நோக்கம், கருதுகோள் எல்லாம் மாறின. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் குறைவதால் இப்படி ஆகலாம் என்று விவாதப் பகுதிக்கு ஒரு விளக்கமும் கிடைத்தது. தற்செயலாக விழுந்த எண்ணுக்கு உடலியல் விளக்கம் கொடுப்பதுபோல் சுலபமான வேலை உலகத்தில் இல்லை. அதற்கு முன் எத்தனை சோதனை போட்டேன் என்பது எங்கும் எழுதப்படவில்லை. ஆய்வேடு தேறியது. கட்டுரை ஒரு பத்திரிகையில் வந்தது.

சில வருஷம் கழித்து வேறொரு கல்லூரியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கையில் ஒரு பிரின்ட் அவுட். “இதுதான் சார் பேரன்ட் ஆர்ட்டிக்கிள். இதை வச்சு சாம்பிள் சைஸ் போட்டுடுங்க.” புரட்டினேன். நான் போட்ட அட்டவணைகள்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அந்தக் கட்டுரையின் எண்களை வைத்தே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அவர் போய் நோயாளிகளின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார், பரிசோதனைக்குச் செலவழித்தார், திரும்பி வந்தபோது எதிர்பார்த்தபடியே எதுவும் வரவில்லை. இல்லாத ஒன்று இரண்டாம் முறை எப்படி வரும்? அவருக்கும் ஏதோ ஒரு கட்டத்தைப் பிரித்து வரவழைத்துக் கொடுத்தேன். இந்த முறை ஆண்களில். இரண்டு ஆய்வுகள் தொடர்பு உண்டு என்று சொல்கின்றன என இனி மூன்றாவது ஒருவர் எழுதலாம். இரண்டிலும் இருப்பது என் விரல்கள்தான்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு இடமில்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016 மார்ச்சில் பி வேல்யூவைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பை பி சொல்லாது, பலன் பெரிதா சிறிதா என்பதையும் சொல்லாது, வந்ததை மட்டும் பொறுக்கிக் காட்டினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே போய்விடும் என்று அதில் இருந்தது. அச்செடுத்து மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். மேஜைக்கு மேலே பழைய வேலையே நடந்தது. 2019-இல் ‘நேச்சர்’ இதழில் ‘சிக்னிஃபிகன்ட்’ என்ற முத்திரையையே கைவிடச் சொல்லி வந்த கட்டுரைக்கு 800 பேருக்கு மேல் கையெழுத்திட்டிருந்தார்கள். அதையும் படித்தேன். மாடிக்கு வாடகை கொடுக்க வேண்டியிருந்தது.

என் மனத்தை அசைத்தது அந்த அறிக்கைகளைவிட ஒரு பழைய மெட்ராஸ் கட்டுரை. நெஞ்சக நோய் மருத்துவம் படித்த ஒரு மாணவர் தன் ‘ரெவ்யூ ஆஃப் லிட்டரேச்சர்’ பகுதிக்காகக் கொண்டுவந்தார். பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலில் தெற்கே போனால் தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தம் சானட்டோரியம். சௌரி முத்து 1928-இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் அந்த நிறுத்தத்துக்கு வந்த பெயர். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு இருந்தால்தான் காசம் ஆறும் என்று உலகமே நம்பிய காலம் அது. படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்குக் கிட்டேகூட வராது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே செய்த ஆய்வு எளிமையானது. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரில் 96 பேருக்கு வீட்டிலேயே மாத்திரை, 97 பேருக்கு சானட்டோரியத்தில் அதே மாத்திரை. யார் எங்கே என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஒரு வருஷ முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானட்டோரியத்தில் 92 சதவீதம். முடிவு 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது.

அந்த எண்களைப் பார்த்ததும் தொழில் புத்தியில் கணக்குப் போட்டேன். பி ஏறக்குறைய 0.2 வருகிறது. என் பாஷையில், ‘வரவில்லை’. என் மாடிக்கு இந்த மாஸ்டர் சார்ட் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதும் உடனே தெரிந்தது. பெண்கள் தனியாக, முப்பது வயதுக்கு மேல் தனியாக, நுரையீரலில் பெரிய குழி விழுந்தவர்கள் தனியாக என்று வெட்டிக்கொண்டே போய், ஏதாவது ஒரு கட்டத்தில் சானட்டோரியத்தை ஜெயிக்க வைத்திருப்பேன். படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கான ஏழைகள் படுக்கைக்காக இன்னும் காத்திருந்திருப்பார்கள்.

அவர்கள் அப்படிச் செய்யவில்லை. சிக்னிஃபிகன்ட் இல்லை, ஆகவே இரண்டும் ஒன்று என்று அவசரப்படவும் இல்லை. 6 சதவீத வித்தியாசம், நூறு பேருக்கும் குறைவான குழுக்கள். உண்மையான வித்தியாசம் சானட்டோரியத்துக்குச் சாதகமாக 15 சதவீதம் வரைகூட இருக்கலாம் என்பதை அந்த எண்கள் மறுக்கவில்லை. ஆகவே அதே நோயாளிகளைத் தொடர்ந்து ஐந்து வருஷம் பார்த்தார்கள். முடிவில் வீட்டுக் குழுவில் 90 சதவீதம், சானட்டோரியக் குழுவில் 89 சதவீதம். கூட இருந்த குடும்பத்தாருக்குத் தொற்று கூடுகிறதா என்றும் பார்த்தார்கள். வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்ததால் அது கூடவில்லை. நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்து எடை கூடுதலாக ஏறியவர்கள் சானட்டோரியத்தில்தான். ஆனால் நோயை அடக்கியது மாத்திரை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் ‘வித்தியாசம் இல்லை’ என்ற இந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதே மண்ணில் இன்னொன்றும் நடந்தது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். பல்லாவரமும் அப்போது அதே மாவட்டம்தான். 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போட்டு 15 வருஷம் தொடர்ந்தார்கள். நுரையீரல் காசத்திலிருந்து பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு 27 சதவீதப் பாதுகாப்பு. ஆனால் அந்த 27-ஐச் சுற்றிய 95 சதவீத நம்பக எல்லை மைனஸ் 8-இலிருந்து 50 வரை. அதாவது நோயைப் பாதியாகக் குறைக்கிறது என்பதோடும் இந்த டேட்டா ஒத்துப்போகும், குறைக்கவே இல்லை என்பதோடும் ஒத்துப்போகும். பல கோடிப் பேருக்குப் போட்டுக்கொண்டிருந்த ஊசியைப் பற்றி, அத்தனை பெரிய உழைப்புக்குப் பிறகு, 1999-இல் இதை மைனஸ் குறியோடு அப்படியே அச்சிட்டார்கள். பிறந்த குழந்தைக்கு இன்றும் பி.சி.ஜி. போடுவதில் குழப்பம் வேண்டாம். மூளை உறையைத் தாக்கும் காசம் போன்ற கடுமையான வடிவங்களிலிருந்து அது சின்னக் குழந்தைகளைக் காக்கிறது. அதற்கான சான்று வேறு ஆய்வுகளிலிருந்து வந்தது.

இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டு வரவில்லை என்று எழுத அவர்களுக்கு மனம் வந்தது. அறுபது பேரை வைத்துக்கொண்டு வரவில்லை என்று எழுத எனக்கு வரவில்லை.

எக்ஸாமினர், கைடு, ஜர்னல் என்று எல்லோருக்கும் இதில் பங்கு உண்டுதான். முதுகலைப் படிப்புக்கு ஆய்வேடு கட்டாயம், கால அவகாசம் குறைவு, புள்ளியியல் கற்றுக்கொடுப்பது பெயருக்குத்தான். ஆனால் அந்த இளம் டாக்டர்களுக்குப் புள்ளியியல் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தவன் செய்ததைத் தெரியாதவர்கள் கணக்கில் எழுத முடியாது.

அந்தப் பெண் டாக்டரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அன்னைக்கே இல்லைன்னு எழுதிடலாமான்னு கேட்டேனே சார்” என்றார். பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்ப வேண்டியவர் கட்டுரையை எழுதியவர். என் பெயர் அதில் எங்கும் இல்லை. அவருடைய கைடும் சம்மதிக்க வேண்டும். கட்டுரை இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது என்னிடம் வருபவர்களிடம் டேட்டா சேர்க்கும் முன்பே எதை ஒப்பிடப் போகிறோம், எந்த வயதில் வெட்டப் போகிறோம் என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் முதலிலேயே பதிந்துவிட்டு வரச் சொல்கிறேன். நோயாளிகளைச் சேர்த்த பிறகு பதியும் வசதி 2018 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு அங்கே முடிந்துவிட்டது. போட்ட சோதனை எல்லாவற்றையும் பட்டியலிட்டு, பி வேல்யூவோடு நம்பக எல்லையையும் எழுதுகிறேன். வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. அதில் தியாகம் ஒன்றும் இல்லை; முன்பு வாங்கியது நியாயமான கூலி இல்லை, அவ்வளவுதான்.

செய்தித்தாளில் ‘ஆய்வில் நிரூபணம்’ என்று படித்துவிட்டு ஒரு சத்து மாத்திரையோ கஷாயமோ வாங்கக் கிளம்புபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை பேரைப் பார்த்தார்கள், பலன் எவ்வளவு, இதைத்தான் பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொன்னார்களா என்ற மூன்றையும் விசாரியுங்கள். குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மட்டும், ஆண்களில் மட்டும் என்று முடிவு சுருங்கியிருந்தால், என்னைப் போல ஒருவன் எங்கேயாவது மாடியில் உட்கார்ந்து வெட்டியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். ஆட்களின் எண்ணிக்கை பல்லாயிரமாக இருந்தால் ஒன்றுக்கும் உதவாத சின்ன வித்தியாசம்கூடச் சிக்னிஃபிகன்ட் ஆகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் மாடிப்படி ஏறி வந்த டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில் மாஸ்டர் சார்ட் பைண்டு செய்யப்பட்டிருக்கிறது. அதில் நான் கை வைக்கவில்லை. எடுத்து வாருங்கள். போட்ட சோதனை எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, வந்ததை வந்தபடி எழுதி, பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பும்வரை கூடவே இருக்கிறேன். பணம் வேண்டாம்.